தப்பை வாங்கிக்கொள்கிறவர்

அந்த மனிதரை நினைத்தால் எனக்கு முதலில் வருவது எரிச்சல்தான். பாசம் அப்புறம்தான் வரும். அதுவும் நானாகக் கூப்பிட்டால்தான் வரும்.

உத்திரமேரூரிலிருந்து காஞ்சிபுரம் போகிற ரோட்டில், திருப்புலிவனத்துக்குப் பக்கத்தில் இருந்த ஒரு டிரஸ்ட் ஆஸ்பத்திரியில் நான் ரிசப்ஷனில் உட்கார்ந்திருந்தேன். செல்போன் அப்போதுதான் எல்லார் கைக்கும் வந்துகொண்டிருந்தது. எங்கள் ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. பழையசீவரம் பக்கத்திலிருந்து பஸ் மாறி வருவார். அவருக்கும் ஒரு பெயர் இருந்தது, ஆனால் அதை வருகைப் பதிவில்தான் பார்க்கலாம். வாயில் எல்லாருக்கும் ‘சிஸ்டம் சார்’தான்.

ஆள் ஒல்லி. கண்ணாடியைச் சட்டை நுனியில் துடைத்துத் துடைத்து, சட்டை நுனியும் அழுக்கு, கண்ணாடியும் அழுக்கு. எங்கே சண்டை நடந்தாலும் சத்தம் கேட்டு வருவார். வந்து நின்று, யார் என்ன சொல்கிறார்கள் என்று பாதி கேட்பார். மீதியைக் கேட்கமாட்டார்.

“என் தப்புதான், வுடுங்க. இப்போ இன்னா ஆவணும்?”

இதுதான் அவர். இதற்கு மேல் அவரைப் பற்றிச் சொல்லப்போவதெல்லாம் இதே வாக்கியத்தைச் சுற்றித்தான்.

பில் போடுகிற பெண்ணும் மருந்துக் கடைப் பெண்ணும் ஒருநாள் குழாயடியைத் தோற்கடிக்கிற சண்டை. பிரின்டரில் பேப்பர் சிக்கி, வரிசையில் ஜனம் காத்துக்கிடக்கிறது. நீதான் இழுத்தாய், நீதான் திணித்தாய் என்று இரண்டு பேரும் குடும்பம் வரைக்கும் போய்விட்டார்கள். இவர் வந்தார். “என் தப்புதான். நேத்தே ரோலரைத் தொடச்சி வெச்சிருக்கணும்” என்றார். ரோலருக்கும் அந்தச் சிக்கலுக்கும் சம்பந்தமே இல்லை. பில் பெண் பின் குத்திய பேப்பரை உள்ளே விட்டிருந்தாள். ஆனாலும் இரண்டு பேரும் உடனே அடங்கிவிட்டார்கள். திட்டுவதற்கு ஒரு பொது ஆள் கிடைத்துவிட்டாரே!

மோட்டார் ஓடாமல் வார்டில் தண்ணீர் வரவில்லை என்றால், “நான் காலையில கேட்டிருக்கணும்” என்பார். மோட்டாருக்கும் இவருக்கும் என்ன உறவு? கேண்டீன் சாம்பாரில் உப்பு கரித்த அன்று, சமையற்காரர் கரண்டியும் கையுமாக நிற்க, இவர் வாயைத் திறந்தார். “சார், சாம்பாரையுமா!” என்று நான் கத்திவிட்டேன். எல்லாரும் சிரித்தோம். அவரும் சிரித்தார். ஆனால் சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்ட மாதிரிதான் இருந்தது.

ஒருநாள் எனக்குப் பொறுக்கவில்லை. “எதுக்கு சார் ஊர்ல இருக்கிற தப்பெல்லாம் உங்க தலையில எடுத்துப் போட்டுக்கினு கீறீங்க? உங்களுக்கு ரோஷமே கிடையாதா?” என்று கேட்டுவிட்டேன்.

“ரோஷமெல்லாம் இல்லாம இல்லம்மா” என்றார். “யாரு தப்புன்னு கண்டுபுடிக்க ஒரு மணி நேரம் ஆவும். என் தப்புன்னு சொன்னா ரெண்டு நிமிஷம். அப்பால வேலையைப் பார்க்கலாம் இல்ல?”

கேட்கும்போது நியாயமாகத்தான் இருந்தது. வீட்டுக்குப் போய் யோசித்தால் நியாயமாக இல்லை. நல்ல மனசா, சோம்பேறித்தனமா, ரெண்டும் இல்லாமல் ஏதோ ஒரு களைப்பா என்று எனக்குப் பிடிபடவே இல்லை.

அவர் மனைவி ஒரு தடவை ரத்தப் பரிசோதனைக்கு வந்திருந்தார். ரிப்போர்ட் வரும்வரை என் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்தேன். “வூட்லயும் இப்படித்தான் யக்கா” என்றார் அந்த அம்மாள். “இன்னா கேட்டாலும் ‘என் தப்புதான்’னுட்டு அந்தாண்ட திரும்பிப் படுத்துக்குவாரு. ஒரு மனுஷி சண்டை போடணும்னா எதிர்ல ஆளு வேணாமா? நான் போயி சுவத்துக்கிட்டயா சண்டை போடறது?” சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரித்த வாய் மூடுவதற்குள் கண் கலங்கிவிட்டது. பாவமாக இருந்தது.

எங்கள் மேனேஜருக்கு மட்டும் அவர் வாராது வந்த மாமணி. டிரஸ்டின் தலைவரை நாங்கள் ‘ஐயா’ என்போம். அவரிடம் எந்தக் குறையைச் சொல்ல வேண்டியிருந்தாலும் மேனேஜர் சிஸ்டம் சாரையும் கையோடு கூட்டிக்கொண்டு போவார். போன வேகத்தில் திரும்புவார்கள். ஐயா மனதில் ஆஸ்பத்திரியில் நடக்கிற அத்தனை கோளாறுக்கும் ஒரே முகம்தான் பதிந்திருந்தது. ‘இன்னும் ஒரு கம்ப்ளெயின்ட் வந்தா இந்த ஆளை அனுப்பிட்டு வேலையை கம்ப்யூட்டர் வித்த மெட்ராஸ் கம்பெனிகிட்டயே குடுத்துடுங்க’ என்று ஐயா சொல்லிவிட்டதாக ஒரு பேச்சு காதில் விழுந்துகொண்டே இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் ஃபயர்வால் மாற்றும் பேச்சு வந்தது.

ஃபயர்வால் என்றால் எனக்கும் அவர் சொல்லித்தான் தெரியும். வெளியே இருக்கிற இன்டர்நெட்டுக்கும் உள்ளே இருக்கிற எங்கள் கம்ப்யூட்டர்களுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிற ஒரு பெட்டி. ‘நம்ம கேட்டு வாட்ச்மேன் மாதிரிம்மா’ என்பார். பழைய பெட்டிக்கு வயதாகிவிட்டது. சித்திரை வெயிலில் கொதித்துப்போய் நின்றுவிடும். அதற்கென்று தன் மேஜை விசிறியைத் திருப்பி வைத்துவிட்டு இவர் வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வெறும் பில்லுக்கும் மெயிலுக்கும் என்றால் அது நின்றால்கூடப் பரவாயில்லை. எங்களிடம் ‘டிவி ரூம்’ என்று ஒன்று இருந்தது. இங்கே நோயாளியை கேமரா முன்னால் உட்காரவைத்தால், மெட்ராஸில் பெரிய ஆஸ்பத்திரியில் இருக்கிற டாக்டர் திரையில் பார்த்து யோசனை சொல்வார். அந்தப் படம் போவதும் வருவதும் அந்தப் பெட்டி வழியாகத்தான்.

புதுப் பெட்டி வந்து இறங்கியது. இவர் மேனேஜரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். “ரெண்டையும் கொஞ்ச நாளு பக்கத்துல பக்கத்துல வெச்சிக்கலாம் சார். பில்லு, மெயிலு, டிவி ரூமுன்னு ஒவ்வொண்ணா புதுசுக்கு மாத்தி, ஓடுதான்னு பார்த்துட்டு, கடைசியா பழசை எடுக்கலாம்.”

“அதெல்லாம் ஐயா நாள் குறிச்சிட்டாருப்பா. ஆயுத பூஜை அன்னிக்கி நல்ல நேரத்துல புதுசு ஆன் ஆவணும். பழசு அன்னியோட ஓய்வு.”

முடிந்தது பேச்சு. அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

ஆயுத பூஜை அன்று காலை மெட்ராஸ் கம்பெனியிலிருந்து கழுத்தில் டை கட்டிய ஒரு இன்ஜினியர் வந்தார். பழசைக் கழற்றினார், புதுசை மாட்டினார். பில் போட்டுப் பார்த்தார்கள், வந்தது. மெயில் அனுப்பிப் பார்த்தார்கள், போனது. “டிவி ரூம் சார்?” என்று இவர் கேட்டார். “அதெல்லாம் தானா வந்துடும்” என்றார் டை. லீவு நாள் காலையில் மெட்ராஸ் பக்கம் உட்கார்ந்து பேச ஆள் இல்லாததால் சோதிக்கவும் முடியவில்லை. புதுப் பெட்டியின் பாஸ்வேர்டு கொஞ்ச காலத்துக்குக் கம்பெனியிடமே இருக்குமாம், வேறு யாரும் கைவைக்கக் கூடாதாம். அந்த இன்ஜினியருக்கும் வீட்டில் பூஜை. சுண்டலைக்கூட வாங்காமல் பஸ் ஏறிவிட்டார்.

ஐயா வந்தார். புதுப் பெட்டிக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, பூ சுற்றி, கற்பூரம் காட்டினார். பழைய பெட்டிக்கும் மரியாதை வேண்டாமா? ஹாலில் சாமி படத்துக்கு முன்னால் தலைவாழை இலை போட்டு, அதில் ஒரு பி.பி. பார்க்கிற கருவி, ஸ்டெதஸ்கோப், கத்தரிக்கோல், எலக்ட்ரீஷியனின் கட்டிங் பிளேயர், நடுவில் பழைய ஃபயர்வால். அதற்கும் பொட்டு. சிஸ்டம் சார்தான் அதைத் துடைத்துக் கொண்டுவந்து வைத்தார். ஒருமுறை படைத்துவிட்டால் மறுநாள் காலை மறுபூஜை வரைக்கும் அந்தச் சாமானைத் தொடக் கூடாது. இது எங்கள் பக்கத்தில் பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். வண்டியை எடுக்கமாட்டார்கள், அரிவாளைத் தொடமாட்டார்கள், பிள்ளைகள் அதைச் சாக்காக வைத்துப் புத்தகத்தைத் திறக்கமாட்டார்கள். ஆஸ்பத்திரி என்பதால் நாங்கள் உபயோகத்தில் இல்லாததாகப் பார்த்துத்தான் இலையில் வைப்போம். ஆம்புலன்ஸுக்கு வாழைக்கன்று கட்டிப் பூசணிக்காய் உடைத்ததோடு சரி.

மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு அம்மாள் பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். குழந்தையின் வலது கையில் சுற்றியிருந்த புடவைத் துண்டு முழுக்க ரத்தம். உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு ஓரம் கரும்பு ஜூஸ் வண்டி வைத்திருக்கிறவள். பூஜைக்காக வண்டியைக் கழுவியிருக்கிறார்கள். குழந்தை துணியால் உருளையைத் துடைக்க, தாய் அந்தப் பக்கம் அழுக்குப் போக வேண்டும் என்று சக்கரத்தைச் சுற்ற, விரல்கள் உருளைக்கு நடுவில் சிக்கிவிட்டன. “நான்தான் சுத்தினேன், பாவி நான்தான் சுத்தினேன்” என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

டியூட்டி டாக்டர் படிப்பு முடித்துப் புதிதாக வந்தவர். கழுவிக் கட்டுப் போட்டுவிட்டு மெட்ராஸ் டாக்டருக்குப் போன் செய்தார். அந்த டாக்டர் சொன்னது இதுதான்: விரல்களின் நிறத்தை நான் கண்ணால் பார்க்க வேண்டும், பிழைக்கிற விரல் என்றால் உடனே அனுப்புங்கள், இல்லையென்றால் அவ்வளவு தூரம் குழந்தையை அலைக்கழிக்காதீர்கள். அந்த அம்மாளும் “இங்கயே பார்க்க முடியாதா யக்கா, வூட்ல இன்னும் ரெண்டு கீது” என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

டிவி ரூமில் குழந்தையை உட்காரவைத்தோம். திரையில் டாக்டர் பளிச்சென்று தெரிந்தார். ஆனால் அவருக்கு எங்களைத் தெரியவில்லை. “இங்கே வெறும் கறுப்பா இருக்கு” என்றார் போனில்.

சிஸ்டம் சார் வந்து பார்த்ததுமே புரிந்துகொண்டார். “பழைய வாட்ச்மேன் உள்ள வர்றவனை மட்டுந்தான் கேள்வி கேப்பான். இது வெளிய போறவனையும் நிறுத்தி வெச்சிக்குது. நம்ம படம் வெளிய போவல.” இன்ஜினியருக்குப் போன் போட்டார். சுவிட்ச் ஆஃப். மறுபடியும் போட்டார். சுவிட்ச் ஆஃப்.

“சார், பழசை எடுத்து மாட்டிடறேன். அஞ்சு நிமிஷ வேலை.”

மேனேஜர் ஹாலைத் திரும்பிப் பார்த்தார். இலை, பூ, விளக்கு. “படைச்சதை எப்படிப்பா எடுக்கிறது? ஐயா கையால கற்பூரம் காட்டினது. ஒரு வார்த்தை கேட்டுடறேன், இரு.”

ஐயாவின் போன் அடித்துக்கொண்டே இருந்தது. அவர் வீட்டுப் பூஜையில் இருந்திருப்பார். மேனேஜர் மறுபடி அடித்தார். நான் பொறுமை போய்க் கத்தினேன். “சார், ஒரு பொண்ணு கை சார்! சாமி கோச்சிக்குமா?”

“எனக்கு மட்டும் ஈரம் இல்லையாம்மா? நாளைக்கு ஏதாச்சும் ஒண்ணுன்னா யார் பதில் சொல்றது?” மேனேஜர் மறுபடியும் ஐயாவின் நம்பரை அழுத்தினார். அவரை அரக்கன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பயந்த மனிதர், அவ்வளவுதான்.

சிஸ்டம் சார் இலைக்கு முன்னால் போய் நிற்பார், திரும்பி வந்து இன்ஜினியருக்குப் போன் போடுவார், மறுபடி போய் இலைக்கு முன்னால் நிற்பார். இப்படியே ஒரு மணி நேரத்துக்கும் மேலே போய்விட்டது. குழந்தை அழுது ஓய்ந்து தூங்கிவிட்டது. கடைசியில் அவரே, “என் தப்புன்னு சொல்லிக்கங்க சார்” என்று சொல்லிவிட்டுக் குனிந்து, பூவோடும் பொட்டோடும் அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். ஒயர் செருகுகிற ஓட்டைகளில் சந்தனம் காய்ந்திருந்தது. குண்டூசியால் சுரண்டிவிட்டு மாட்டினார்.

படம் போனது. மெட்ராஸ் டாக்டர் பார்த்தார். அவர் முகம் மாறியது திரையிலேயே தெரிந்தது. “இவ்வளவு நேரம் ஏன் அங்கே வெச்சிருக்கீங்க? உடனே அனுப்புங்க!”

வாழைக்கன்றைக்கூட அவிழ்க்காமல் ஆம்புலன்ஸ் கிளம்பிப் போனது.

இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். சீக்கிரம் போயிருந்தால் தப்பித்திருக்குமா என்று டியூட்டி டாக்டரைக் கேட்டேன். “இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்” என்றார். இந்த மாதிரிப் பதிலை வைத்துக்கொண்டு மனிதர்கள் என்னதான் செய்வது?

ஆஸ்பத்திரிக்குள் வேறு கதை ஓடியது. படைத்த பொருளைத் தொட்டதால்தான் விரல் போயிற்று, சாமி குத்தம் என்று வார்டு ஆயாவிலிருந்து மேனேஜர் வரைக்கும் முணுமுணுத்தார்கள். ஐயா சிஸ்டம் சாரைக் கூப்பிட்டுக் கிழி கிழி என்று கிழித்தார். இவர் வழக்கமான வாக்கியத்தைச் சொல்லிவிட்டு வந்தார். மெட்ராஸ் கம்பெனி வந்து புதுப் பெட்டியைச் சரிசெய்தது. வேலையை அந்த மாதத்தோடு முடித்துக்கொள்ளும்படி இவருக்குச் சொல்லிவிட்டார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஆனால் யார் மேல் கோபப்படுவது? அவர் மேலேயே பட்டுத் தீர்த்தேன்.

மெட்ராஸிலிருந்து திரும்பிய பிறகு குழந்தைக்குக் கட்டு மாற்ற எங்களிடம்தான் வருவார்கள். முதல் தடவை வந்த அன்று அந்த அம்மாள் ஹால் நடுவில் நின்று கேட்டாள். “அன்னிக்கி ஏன் அவ்ளோ நேரம் ஒக்கார வெச்சீங்க? யாரு பண்ண தப்பு? எனக்கு ஒருத்தராச்சும் சொல்லுங்க.”

டியூட்டி டாக்டர் கேஸ் ஷீட்டைப் புரட்டினார். மேனேஜருக்கு எங்கிருந்தோ அவசரமாகப் போன் வந்தது. சிஸ்டம் சார் தன் அறையிலிருந்து வெளியே வந்தார்.

“என் தப்புதாம்மா.”

நாங்கள் எல்லாரும் எத்தனையோ தடவை கேட்ட வாக்கியம். ஒருத்தரும் ஒருநாளும் நம்பியதில்லை. அவள் முதல்முறையாகக் கேட்டாள், நம்பிவிட்டாள். கத்துவாள், அடிப்பாள் என்று நினைத்தேன். அவள் கத்தவில்லை. குழந்தையின் கட்டுப் போட்ட கையைப் பிடித்து அவர் முகத்துக்கு நேரே தூக்கிக் காட்டினாள். “அப்படின்னா நல்லா பாத்துக்கோ” என்றாள்.

அதன் பிறகு கட்டு மாற்ற வருகிற ஒவ்வொரு நாளும் முதலில் அவர் அறை வாசலுக்குத்தான் வருவாள். குழந்தையை முன்னால் நிறுத்திக்கொண்டு பேசாமல் நிற்பாள். அவர் எழுந்து நிற்பார். குழந்தைக்கு ஒன்றும் புரியாது, சுவரில் ஓடுகிற பல்லியைப் பார்த்துக்கொண்டிருக்கும். கொஞ்ச நேரம் கழித்துக் கூட்டிக்கொண்டு போய்விடுவாள்.

ஒருநாள் அவளைத் தனியாகக் கூப்பிட்டு நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். பழசை உடனே எடுக்க வேண்டாம் என்று அவர் முதலிலேயே சொன்னதை, அவர் மட்டும்தான் துணிந்து பெட்டியை எடுத்ததை, எல்லாவற்றையும். கேட்டுக்கொண்டாள். “அவரே ஒத்துக்கினாரே யக்கா. தப்பு பண்ணாதவன் எவனாச்சும் ஒத்துக்குவானா?” என்றாள்.

‘நான்தான் சுத்தினேன்’ என்று அவள் தலையில் அடித்துக்கொண்டது எனக்கு நினைவுக்கு வந்தது. திரும்பி வந்ததிலிருந்து அவள் அதை ஒருமுறைகூடச் சொல்லவில்லை. சரிதான், அவளுக்கு இறக்கிவைக்க ஒரு இடம் வேண்டியிருக்கிறது, இந்த மனிதர் அதற்காகத்தான் தோளைக் கொடுத்துக்கொண்டு நிற்கிறார் என்று எனக்குத் தோன்றியது. அவர் மேல் இத்தனை வருஷம் இல்லாத ஒரு மரியாதை பொங்கி வந்தது. நேராக அவர் அறைக்குப் போனேன். மாதக் கடைசி. மேஜையைக் காலி செய்துகொண்டிருந்தார்.

“அந்தம்மாவுக்காகத்தானே சார் நீங்க வாங்கிக்கினு கீறீங்க? நீங்க இல்லன்னா அவங்க தன்னையே தின்னுக்குவாங்கன்னுதானே?”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை, கையிலேயே வைத்துக்கொண்டார்.

“அதெல்லாம் இல்லம்மா. நீயா பெருசா நெனச்சிக்காத” என்றார். “அந்தப் பெட்டியைத் தூக்க எனக்கு எவ்ளோ நேரம் ஆச்சி? தூக்க முடியும்னு எனக்கு அப்பவே தெரியும். என் கையை யாராச்சும் புடிச்சிக்கினு இருந்தாங்களா? நான்தான் நின்னுக்கினு இருந்தேன். இத்தினி வருஷமா சொன்னதெல்லாம் வெறும் வாய்வார்த்தை. இது ஒண்ணுதான் நெசம்.”

அப்படியெல்லாம் இல்லை சார் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் வெளியே ஹாலில் செருப்புச் சத்தம் கேட்டது. அந்த அம்மாள் குழந்தையின் தோளைப் பிடித்துக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுந்து நின்றார்.